மசகு எண்ணெய் இறங்கியும் பெற்றோல் ஏன் இறங்கவில்லை?

கேள்வி: தலவாக்கலையில் முச்சக்கர வண்டி ஓட்டுகிறேன், ஐயா. காலையும் மாலையும் தோட்டத்துப் பிள்ளைகளை மாதக் கட்டணத்துக்குப் பாடசாலைக்கு ஏற்றி இறக்குகிறேன். மற்ற நேரம் ஸ்டாண்டில் நிற்பேன். உலகச் சந்தையில் மசகு எண்ணெய் பத்து வீதம் இறங்கிவிட்டது என்று செய்தியில் சொன்னார்கள். ஆனால் மாத முடிவில் பெற்றோல் விலை அசையவே இல்லை. எப்படியும் இறங்கும் என்று எண்ணி, இரண்டாவது வண்டியை லீசிங்கில் எடுத்து மைத்துனருக்கு ஓடக் கொடுக்கலாமா?

பதில்: விலை இறங்கும் என்ற எதிர்பார்ப்பின் மேல் லீசிங் எடுக்க வேண்டாம். உங்கள் மைத்துனரின் உழைப்பில் எனக்கு ஐயமில்லை. நீங்கள் செய்தியில் கேட்ட விலைதான் உங்கள் வண்டிக்குள் ஊற்றும் பொருளின் விலை அல்ல.

செய்தியில் வரும் பிரெண்ட் விலை, இன்னும் சுத்திகரிக்கப்படாத மசகு எண்ணெய்க்கு உரியது. 1969 முதல் இயங்கிவரும் சப்புகஸ்கந்த சுத்திகரிப்பு ஆலை நாட்டின் தேவையில் ஒரு பகுதியையே நிறைவு செய்வதால், மிகுதிப் பெற்றோலும் டீசலும் சுத்திகரிக்கப்பட்ட நிலையிலேயே கப்பலில் வந்து இறங்குகின்றன. அவற்றுக்குச் சிங்கப்பூர்ச் சந்தை விலையே அளவுகோல். பெரிய ஆலைகள் பழுதுபார்ப்புக்காக மூடப்பட்டாலும், ஏதாவதொரு பிராந்தியத்தில் பெற்றோலுக்குத் தட்டுப்பாடு வந்தாலும், மசகு எண்ணெய் மலிவாகக் கிடைக்கும்போதே பெற்றோல் விலை ஏறக்கூடும். 2005 ஆகஸ்டில் கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் வளைகுடாக் கரையோர ஆலைகளை முடக்கியபோது, மசகு எண்ணெயைவிடப் பெற்றோலே வேகமாக ஏறியது.

அடுத்தது டொலர். ஒரு பீப்பாய் என்பது ஏறத்தாழ 159 லீற்றர். விளக்கத்துக்காக, பீப்பாய் 80 டொலரிலிருந்து 72 டொலருக்கு இறங்கியது என்றும், டொலர் 300 ரூபா என்றும், ஷெட்டில் பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். எட்டு டொலரை 159 லீற்றருக்குப் பிரித்தால், லீற்றருக்கு ஏறத்தாழ 15 ரூபா குறைய இடமுண்டு. மசகு எண்ணெய் பத்து வீதம் இறங்கியும், ஷெட் விலையில் அது ஐந்து வீதம்தான். அதே மாதத்தில் டொலர் 310 ரூபாவாக ஏறிவிட்டால் அந்த 15 ரூபாவும் பத்தரை ரூபா அளவுக்குச் சுருங்கிவிடும். கப்பல் கூலி, காப்புறுதி, கொலன்னாவை எரிபொருள் களஞ்சியத்திலிருந்து மலைக்கு ஏற்றிவரும் செலவு, விற்பனையாளரின் தரகு ஆகியவை மசகு எண்ணெயோடு சேர்ந்து இறங்குவதில்லை.

எல்லாவற்றிலும் கனமானது வரியும் அரசின் தீர்மானமும்தான். 2020 ஏப்ரல் 20ஆம் திகதி அமெரிக்க மசகு எண்ணெயின் முன்பேரச் சந்தை விலை (பின்னர் கையளிக்கும் எண்ணெய்க்கு முன்கூட்டியே பேசும் விலை) பூச்சியத்துக்கும் கீழே போயிற்று. அப்போது இங்கே 92 ஒக்டேன் பெற்றோல் 137 ரூபா. அது 137 ரூபாவாகவே இருந்தது. 2021 ஜூனில் 157 ரூபாவாக ஏறியது. ரூபா சரிந்த 2022இல், ஜூன் மாதக் கடைசியில் அதே பெற்றோல் 470 ரூபாவைத் தொட்டது. அந்த ஏற்றத்துக்கு உலகச் சந்தை ஒரு காரணம் என்றால், ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போன டொலர் இன்னொரு பெரிய காரணம். லயங்களில் அடுப்பெரிக்கும் மண்ணெண்ணெயின் கதை இன்னும் கடுமையானது: நீண்ட காலம் குறைந்த விலையில் பிடித்துவைக்கப்பட்டிருந்த அது, 2022 ஆகஸ்டில் ஒரே தடவையில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. உலகச் சந்தையில் ஒரே நாளில் நடந்ததல்ல அது. பல காலம் தள்ளிப்போட்ட கணக்கு ஒரே நாளில் தீர்க்கப்பட்டது. 2024 ஜனவரியிலிருந்து எரிபொருளுக்கு 18 வீத பெறுமதி சேர் வரியும் உண்டு. பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் பழைய கடனை அடைக்க லீற்றருக்கு 50 ரூபா அறவிடப்படுவதும் தெரிந்த விடயமே. மசகு எண்ணெய் பாதி விலைக்கு வந்தாலும் அந்த 50 ரூபா பாதியாகாது.

விலைத் திருத்தம் மாத முடிவில் வருகிறது. ஷெட்டில் ஊற்றப்படும் பெற்றோலோ பல வாரங்களுக்கு முன்னர் விலை பேசி வாங்கியது. ஆகவே இன்றைய செய்தி அடுத்த திருத்தத்தில் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஷெட்காரரோடு கோபிப்பதில் பயனில்லை, விலையை வைப்பவர் அவரல்லர்.

இனி லீசிங். வண்டியை ஓடவிட்டுப் பார்க்கும் கணக்கை இன்றைய பெற்றோல் விலைக்குப் பதினைந்து வீதம் கூட்டிப் போடுங்கள். முதலாம் கியரில் ஏற்றம் ஏறும் வண்டி, நிறுவனக்காரர் சொல்லும் கிலோமீற்றர் கணக்கைத் தராது. உங்கள் வண்டியில் ஒரு மாதம் ஊற்றிய லீற்றரையும் ஓடிய தூரத்தையும் கொப்பியில் எழுதிப் பெறும் கணக்கே சரியானது. தோட்டத்துச் சம்பளம் வரும் 10ஆம் திகதியை ஒட்டிய நாள்களின் ஹயர் வருமானத்தை மாதம் முழுவதற்கும் பெருக்கிவிடாதீர்கள். பிரேக், டயர், காப்புறுதி, மைத்துனரின் பங்கு ஆகியவற்றைக் கழித்த பின்னரும், மழைக்காலத்து மந்தமான மாதத்தில் தவணை கட்ட முடிகிறது என்றால் வண்டியை எடுக்கலாம். முடியாது என்றால், முற்பணத்தைக் கூட்டிச் சேர்க்கும் வரை பொறுத்திருங்கள்.

லீசிங்கைவிட எனக்குக் கவலை தருவது உங்கள் பாடசாலைக் கட்டணம். மாதத்துக்கு இவ்வளவு என்று வருடத் தொடக்கத்தில் பேசிவிட்டால், பெற்றோல் ஏறும் ஒவ்வொரு தடவையும் அந்த ஏற்றத்தைப் பெற்றோருக்குப் பதிலாக நீங்களே கட்டுகிறீர்கள். அடுத்த பாடசாலைத் தவணை தொடங்கும்போது ஒரு அடிப்படை விலையைப் பெற்றோரோடு பேசி எழுதிக்கொள்ளுங்கள்: லீற்றர் விலை 20 ரூபாவுக்கு மேல் ஏறினால் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு கூடும், அதே அளவு இறங்கினால் எவ்வளவு குறையும் என்று இரண்டும் அதில் இருக்க வேண்டும். இறங்கும்போது குறைப்பதாக எழுதிக் கொடுப்பவரிடம், ஏறும்போது கூட்டிக் கொடுக்கப் பெற்றோர் அவ்வளவாகத் தயங்கமாட்டார்கள்.