மோதிரத்திலும் பிரேஸ்லெட்டிலும் பெயர் பொறிக்க லேசர் நல்லதா, கைவேலை நல்லதா?

நீங்கள் கேட்டது இரண்டு நகைகளைப் பற்றி: தங்க மோதிரத்தின் உள்பக்கம் ஒரு தேதி, வெள்ளி பிரேஸ்லெட்டின் தட்டையான பட்டையில் தமிழில் ஒரு பெயர். எந்த முறையில் போட்டால் அழியாது? முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மோதிரத்துக்கு லேசர் தாராளமாகப் போதும். பிரேஸ்லெட்டுக்குக் கையால் வெட்டத் தெரிந்த ஆளைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் லேசரிலேயே ஆழமாகப் போடச் சொல்லுங்கள்.

நகைப் பட்டறையில் மெருகு போடும் பக்கம் இருந்தவன் நான். பெயர் வெட்டிய நகை வருஷங்கள் கழித்து பாலிஷுக்கு வரும்போது எழுத்து எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று பார்த்துப் பார்த்து ஏற்பட்ட கருத்து இது. ஒவ்வொரு பாலிஷும் மேலிருந்து ஒரு மெல்லிய படலத்தைத் தின்றுவிடும். தினசரி உரசலும் அதையே மெதுவாகச் செய்கிறது. அதனால் எந்த இயந்திரம் என்பதைவிட, அது உலோகத்தை என்ன செய்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். சீவி எடுக்கிறதா, அழுத்தி ஒதுக்குகிறதா, நிறத்தை மட்டும் மாற்றுகிறதா?

கைவேலை சீவி எடுக்கும் ரகம். நகையை அரக்கிலோ பிடிப்பானிலோ அசையாமல் வைத்துக்கொண்டு, கூர் தீட்டிய சிறு உளியால் உலோகத்தை இழை இழையாக எடுப்பார்கள். பள்ளம் ஆங்கில 'வி' வடிவில் இருக்கும், அதன் இரண்டு சரிவும் பளபளவென்று இருக்கும். நகையைத் திருப்பும்போது எழுத்து மின்னுவது இந்தச் சரிவுகளில் வெளிச்சம் பட்டுத் தெறிப்பதால்தான். கோடு மெலிதாகத் தொடங்கி, நடுவில் தடித்து, மறுபடி மெலிந்து முடியும். இது பழைய வித்தை. ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிடும் கலையே பொற்கொல்லர் பட்டறைகளிலிருந்து வந்ததுதான். அந்தக் கலையில் பெரும் பெயர் எடுத்த ஆல்பிரெக்ட் டியூரர் ஒரு பொற்கொல்லரின் மகன்; முதலில் அப்பாவிடம்தான் தொழில் பழகினார்.

கைவேலையில் சிக்கலும் உண்டு. ஒரே பெயரை இரண்டு முறை வெட்டினால் இரண்டும் அச்சு அசலாக இருக்காது. எனக்கு அது பிடிக்கும், எல்லோருக்கும் பிடிக்காது. செலவும் நேரமும் அதிகம். ஒருவருடைய கையெழுத்தை அப்படியே கொண்டுவர வேண்டும், கைரேகையைப் பதிக்க வேண்டும் என்றால் கைவேலையை நாடாதீர்கள். அங்கே லேசரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

லேசர் என்று எல்லோரும் ஒரே பெயரில் சொன்னாலும் அதற்குள்ளேயே மூன்று வேலைகள் இருக்கின்றன, குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. ஸ்டீலிலும் டைட்டானியத்திலும் வெறும் சூடு காட்டி மேற்பரப்பில் ஆக்சைடு படலம் உருவாக்கலாம். எழுத்து கறுப்பாகத் தெரியும், விரலால் தடவினால் பள்ளமே இருக்காது. அதை பாலிஷ் சக்கரத்தில் காட்டினால் கதை முடிந்தது. இரண்டாவது, மேலோட்டமாகச் சுரண்டுவது: சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) ஆழம் இருக்கும், சீக்கிரம் முடியும், பார்க்கவும் சுத்தமாக இருக்கும். மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. ஒரே இடத்தில் பலமுறை ஓட்டி, உலோகத்தை ஆவியாக்கி நிஜமான பள்ளம் எடுப்பது. "லேசரில் போடுகிறோம்" என்று கடையில் சொன்னால், "எத்தனை முறை ஓட்டுவீர்கள், நகத்தால் தடவினால் பள்ளம் தட்டுப்படுமா?" என்று கேளுங்கள்.

நகைகளுக்குப் பெரும்பாலும் ஃபைபர் லேசர்தான். அதன் அலைநீளம் சுமார் 1064 நானோமீட்டர். தங்கமும் வெள்ளியும் அந்த ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும் என்பதால் ஸ்டீலைவிட இவற்றில் ஆழம் எடுக்க மெனக்கெட வேண்டும். வெள்ளியில் லேசர் வேலை முடிந்ததும் எழுத்து கறுப்பாகத் தெரிந்தால் அதை நம்பாதீர்கள். பல நேரம் அது ஒட்டியிருக்கும் கரிதான், துடைத்தால் வந்துவிடும். நிலையான கறுப்பு வேண்டுமானால் பள்ளம் எடுத்தபின் சல்ஃபைடு கரைசலால் கறுக்க வைத்து, மேலே மட்டும் தேய்த்துவிட வேண்டும். பள்ளத்துக்குள் கறுப்பு தங்கிவிடும்.

மோதிரத்தின் உள்பக்கத்துக்கு ஏன் லேசர் போதும் என்கிறேன்? அங்கே விரலின் தோல் மட்டும்தான் உரசுகிறது. மேசை விளிம்பு, பாத்திரம், கதவுக் கைப்பிடி எதுவும் படாது. பிரேஸ்லெட்டின் வெளிப்பக்கத்தில் இவை எல்லாம் படும், அதனால்தான் அங்கே ஆழமான வெட்டு வேண்டும் என்கிறேன். 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் அன்பு வாசகம் பொறித்த மோதிரங்கள் பிரபலமாக இருந்தன. உள்பக்கம் வெட்டிய பல வாசகங்களை அருங்காட்சியகங்களில் இன்றும் படிக்க முடிகிறது. ஒன்று மட்டும் கவனம். பின்னாளில் அளவு மாற்ற வேண்டி வந்தால் மோதிரத்தை அடிப்பாகத்தில்தான் அறுத்து ஒட்டுவார்கள். எனவே தேதி சரியாக அடியில் வராமல் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளிப் போடச் சொல்லுங்கள்.

மற்ற முறைகளும் இருக்கின்றன. வைர முனை கொண்ட இயந்திரம் சுழலாமல் இழுத்துக்கொண்டே போகும்; ஏர் உழுத சால் போல உலோகம் இரண்டு பக்கமும் ஒதுங்கும், பெரிதாக எதுவும் வெளியே வராது. கோடு மெல்லியது, மின்னும், விலையும் குறைவு. ஆனால் பிரேஸ்லெட்டின் வெளிப்பக்கத்தில் அது சீக்கிரம் மங்கிவிடும். அச்சுக்கம்பி வைத்துச் சுத்தியால் தட்டுவது தடிமனான தகட்டுக்குச் சரி. உள்ளே வெற்றிடமான நகையிலோ கல் பதித்ததிலோ தட்டவே கூடாது. அமிலத்தால் அரிப்பது பெரிய பரப்பில் படமோ கோலமோ கொண்டுவர நல்லது. இரண்டு எழுத்துக்காக அந்தப் பாடு தேவையில்லை.

முலாம் பூசிய நகையா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். மெல்லிய முலாம் ஒரு மைக்ரான்கூட இருக்காது, எந்த முறையில் வெட்டினாலும் அடியிலுள்ள உலோகம் வெளியே தெரிந்துவிடும். பெயரை வெட்டிவிட்டு அப்புறம் முலாம் பூசுவதுதான் சரியான வரிசை. ரோடியம் என்ற வெண்ணிற உலோகத்தை மேலே பூசும் வெள்ளைத் தங்கத்துக்கும் இதே வரிசைதான்.

அப்புறம் தமிழ் எழுத்து. இதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். வைர முனை இயந்திரங்கள் ஒற்றைக் கோட்டு எழுத்துருவில் ஓடுபவை. தமிழுக்கு அது இல்லாத இடத்தில் சாதாரண எழுத்துருவைக் கொடுத்தால், எழுத்தின் வெளிவிளிம்பை மட்டும் வரைந்து உள்ளே பொள்ளலாக விட்டுவிடும். சிறிய அளவில் 'ண'வின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். புள்ளி காணாமல் போகும், 'அன்பு' 'அனபு' ஆகிவிடும். பெயரைத் தட்டச்சு வடிவில் அனுப்பினால் கொம்பும் காலும் இடம் மாறி விழுவதும் உண்டு. அதனால் பெயரை வெக்டர் படமாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, மாற்றி அனுப்புங்கள். நிஜ அளவிலேயே காகிதத்தில் அச்செடுத்துப் பாருங்கள். அதில் புள்ளி கண்ணுக்குத் தெரியாவிட்டால் வெள்ளியிலும் தெரியாது. எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது முழுப்பெயருக்குப் பதில் முதலெழுத்து மட்டும் போடுங்கள்.