அண்ணாச்சியிடம் யார் சொல்வது?

கேள்வி: பாளையங்கோட்டையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மொத்தம் ஏழு பேர், ஒரே ஏசி அறை. பக்கத்து மேஜைக்காரருக்கு வயது 46. எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். மானூர்ப் பக்கத்திலிருந்து பைக்கில் வருகிறார். வேலையில் கெட்டிக்காரர், நல்ல மனுஷர். ஆனால் ஏழெட்டு மாதமாக அவரிடமிருந்து வரும் வேர்வை வாடை தாங்க முடியவில்லை. யாரோ அவர் மேஜையில் சென்ட் பாட்டிலை வைத்துப் பார்த்தார்கள். அவர் உள்ளே வந்ததும் ரூம் ஸ்பிரே அடிக்கிறார்கள். அவர் எதையும் கண்டுகொண்ட மாதிரித் தெரியவில்லை. "நீதான் அவருக்கு நெருக்கம், நீயே சொல்லு" என்று என் தலையில் கட்டுகிறார்கள். மனசு நோகாமல் எப்படிச் சொல்வது? பேசாமல் முதலாளியிடம் சொல்லிவிடலாமா?

பதில்: முதலாளியிடம் இப்போதைக்குப் போகாதீர்கள். நீங்களே சொல்லுங்கள். தனியாக, நேராக, ஒரே தடவை. அதற்கு முன்னால் ஜாடையாகச் சொல்லிப் பார்ப்போமே என்று தோன்றும். அதைச் செய்து கெட்டவன் நான், அதனால் அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஐந்நூறு பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் ஆலையில் தொழிலாளர் நல அலுவலர் இருந்தாக வேண்டும் என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. அப்படி ஒரு நூற்பாலையில் அந்த வேலையில் இருந்தவன் நான். நூலைக் கூம்பில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் ஒருத்தர் மேல் இதே புகார் வந்தது. கூப்பிட்டுச் சொல்லத் தைரியம் வரவில்லை. நோட்டீஸ் போர்டில் ஒரு தாளை ஒட்டினேன்: "தொழிலாளர்கள் தினமும் குளித்து, துவைத்த உடையில் வேலைக்கு வரவும்." மறுநாள் அந்த ஆளே என் அறைக்கு வந்தார். "நல்ல நோட்டீஸ் சார். செல பேருக்கு இது வேணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். இன்னொரு பக்கம், ரெண்டு வேளையும் குளிக்கிற ஒரு பெண் அது தன்னைத்தான் சொல்கிறது என்று நினைத்துக்கொண்டு கேண்டீனில் தனியாகப் போய் உட்கார ஆரம்பித்தார். யாருக்காக எழுதினேனோ அவருக்கு அது உறைக்கவே இல்லை.

உறைக்காததற்குக் காரணம் மூக்கு. ஒரே வாடை தொடர்ந்து வந்தால் கொஞ்ச நேரத்தில் மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதையே நிறுத்திவிடும். கருவாட்டுக் கடைக்காரருக்குக் கடை நாறாது. அண்ணாச்சிக்கும் அவர் வாடை தெரியாது, இது சத்தியம். சென்ட் பாட்டிலை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனதாக நினைத்திருப்பார். ரூம் ஸ்பிரேயை ஏசி வாடைக்கு அடிக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டிருப்பார். அவர் கண்டுகொள்ளவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, கண்டுகொள்ள அவருக்கு வழியே இல்லை. அந்த ஸ்பிரேயை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். என்றைக்காவது ஒருநாள் அது தனக்காக அடிக்கப்பட்டது என்று அவருக்குப் புரியும். வாடையை விட அந்த நாள்தான் அவருக்குக் கொடுமையாக இருக்கும்.

சரி, உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது "ஏழெட்டு மாதமாக" என்ற வார்த்தை. அப்படியானால் அதற்கு முன்னால் இல்லை. பிறவியிலேயே சோம்பேறி, சுத்தம் தெரியாதவர் என்ற பேச்சுக்கே இதில் இடமில்லை. ஏதோ ஒன்று மாறியிருக்கிறது.

நம் ஊரில் கத்தாழை நாத்தம் என்கிறோமே, அது வேர்வையின் வாடை அல்ல. புதிதாகச் சுரக்கும் வேர்வைக்குப் பெரிதாக வாடை கிடையாது. கக்கத்திலும் தொடையிடுக்கிலும் உள்ள ஒருவகைச் சுரப்பிகள் கொஞ்சம் கொழுப்பும் புரதமும் கலந்த நீரை விடும். தோலில் குடியிருக்கும் பாக்டீரியா அதைத் தின்று வெளியே விடுவதுதான் அந்த வீச்சம். ஆகவே நிறைய வேர்க்கிறவர் எல்லாரும் நாறுவதில்லை. வேர்வை எவ்வளவு நேரம் எதில் ஊறுகிறது என்பதில்தான் இருக்கிறது விஷயம்.

பெரும்பாலும் அது ஊறுவது சட்டையில்தான். பாலியெஸ்டர் துணி பருத்தியைவிட அதிகமாக வாடையைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு நாள் கொடியில் கிடந்து, காய்ந்தும் காயாமலும் எடுத்துப் போட்ட சட்டை என்றால் கேட்கவே வேண்டாம். காலையில் போடும்போது ஒன்றும் தெரியாது. வெயிலில் பைக் ஓட்டி உடம்பு சூடேறினதும் கிளம்பும். அவர் குளித்துவிட்டுத்தான் வருகிறார், அலுவலகத்துக்குள் நுழையும்போது குளிக்காதவர் மாதிரி இருக்கிறார். இதற்கு ஒரு சோதனை உண்டு. துவைத்த சட்டைக்கு இஸ்திரி போடும்போது கக்கத்துப் பக்கமிருந்து வாடை எழும்பினால் அந்தத் துவைப்பு போதவில்லை என்று அர்த்தம்.

தண்ணீரையும் நினைத்துப் பாருங்கள். மானூர்ப் பக்கம் மானாவாரிச் சீமை. தாமிரபரணியில், குறுக்குத்துறையில் முங்கி எழுந்து வருகிறவருக்கும், கோடையில் குழாய்த் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு வருகிறவருக்கும் ஒரே கோல் வைத்து அளக்க முடியாது.

இன்னொன்று உடம்பு. திடீரென்று வாடை மாறினால் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூச்சில் அழுகிய பழ வாடை, கூடவே வாந்தியும் மேல்மூச்சும் என்றால் அது அவசரம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சிறுநீரகம் கெட்டவர்களின் மூச்சில் மூத்திர வாடை வரலாம். தைராய்டு கூடினால் வேர்வை கூடும். மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் வேர்வையைக் கூட்டும். வாய் வாடை என்றால் பத்தில் ஒன்பது பேருக்குக் காரணம் வாயிலேயே இருக்கும். ஈறு, சொத்தைப் பல், நாக்கில் படிந்த மாவு, இவைதான். ஷூவைக் கழற்றினால் மட்டும் வாடை, உள்ளங்காலில் சின்னச் சின்னக் குழி என்றால் அது ஒரு பாக்டீரியாத் தொற்று. களிம்பில் சரியாகிவிடும்.

கடைசியாக, வீடு. படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பாவை ராத்திரி முழுக்கப் பார்த்துவிட்டு வருகிறாரோ, மனசு விட்டுப்போய்க் குளிக்கவே தோன்றாமல் இருக்கிறாரோ, யார் கண்டது. என் ஆலைக்காரர் கதை அதுதான். மனைவி பிரசவத்துக்குப் போன இடத்தில் தங்கிவிட்டார். இவர் இரண்டே சட்டையை மாற்றி மாற்றி, துவைக்காமல் காயப்போட்டு மட்டும் போட்டுக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் நீங்கள் அவரிடம் விசாரிக்கச் சொல்லவில்லை. காரணம் எதுவாகவும் இருக்கலாம் என்ற நினைப்போடு போனால் குரல் தானாகவே தணியும். அதற்காகத்தான்.

இனி, சொல்லும் விதம். சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பும் நேரம்தான் நல்லது, சனிக்கிழமை என்றால் இன்னும் நல்லது. காலையில் சொன்னால் அந்த மனுஷர் நாள் முழுக்கக் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டீக்கடை வேண்டாம், காது அதிகம். பைக் நிறுத்தும் இடத்துக்கு இரண்டு பேரும் நடந்து போகும்போது சொல்லுங்கள். முகத்துக்கு நேரே உட்கார்ந்து சொல்வதைவிடப் பக்கத்தில் நடந்துகொண்டே சொல்வது இரண்டு பேருக்கும் சுலபம்.

நானாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: "அண்ணாச்சி, ஒரு சங்கதி. சொல்ல எனக்கே சங்கடமாத்தான் இருக்கு. கொஞ்ச நாளா உங்க சட்டையில வேர்வை வாடை வருது. நம்ம வாடை நமக்குத் தெரியாதுல்லா, அதான் சொல்லுதேன். எனக்குன்னா நீங்க சொல்ல மாட்டியளா?" அவ்வளவுதான். அதற்கப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். நம்மில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். அவர் பேசாமல் இருக்கும் நாலு விநாடியைத் தாங்க முடியாமல், "சோப்பை மாத்திப் பாருங்க, எங்க மாமாவுக்கும் இப்படித்தான்" என்று அளக்க ஆரம்பித்துவிடுவோம். பைய இருங்கள், அவர் பேசட்டும்.

கவனித்திருப்பீர்கள், "சட்டையில" என்றுதான் சொல்லியிருக்கிறேன். சட்டையைக் கழற்றலாம், மாற்றலாம். "உங்கிட்ட நாறுது" என்றால் அவரே நாற்றமாகிவிடுகிறார். "எல்லாரும் சொல்லுதாங்க" என்பதும் கூடாது. ஆறு பேர் கூடி முதுகுக்குப் பின்னால் பேசியிருக்கிறார்கள் என்பதைவிட, ஒருத்தன் வந்து சொன்னான் என்பது தாங்கக்கூடியது.

இந்தப் பேச்சு நம் ஊரில் இன்னும் கூடுதலாக வலிப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை விழுங்கிவிட்டுப் பேச எனக்கு இஷ்டமில்லை. "நாறுது" என்ற சொல்லை இந்தச் சீமையில் வேர்வைக்கு மட்டும் பயன்படுத்தவில்லை. தெருவைப் பார்த்து, தொழிலைப் பார்த்து, ஆள் என்ன சாதி என்று பார்த்துக் காலங்காலமாக எறிந்த கல் அது. கேட்கிறவர் வீட்டில் அந்தக் கல் பட்ட தழும்பு இருக்கலாம். ஆகவே சொல்வதற்கு முன்னால் உங்கள் ஆறு பேரின் மூக்கையும் ஒரு தடவை சந்தேகப்படுங்கள். அவருக்கு மட்டும்தான் வாடையா, வேர்த்துப்போய் வரும் மற்றவர்களுக்கு இல்லையா? மத்தியானம் திறக்கும் கருவாட்டு டப்பாவுக்கும் இந்தப் புகாருக்கும் முடிச்சுப் போட்டிருக்கிறார்களா? சாப்பாட்டு வாடை வேறு, வேர்வை வாடை வேறு. முதலாவதைப் பற்றிப் புகார் வந்தால் சன்னலைத் திறந்து வைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சன்னல் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஸ்பிளிட் ஏசி பெரும்பாலும் அறைக்குள் இருக்கும் காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கும். ஏழு பேர் மூச்சும் வேர்வையும் உள்ளேயே கிடக்கும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கால் மணி நேரம் எல்லாவற்றையும் திறந்து போடுங்கள், ஏசி ஃபில்டரைக் கழுவச் சொல்லுங்கள். பாதித் தொல்லை அதிலேயே போகலாம்.

"அதுக்கு என்னடே செய்ய?" என்று அவரே கேட்டால் கைவசம் நாலு யோசனை இருக்கட்டும். மேஜை டிராயரில் ஒரு பருத்திச் சட்டை. வந்ததும் கைகழுவும் இடத்தில் கக்கத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, அந்தச் சட்டையை மாற்றிக்கொள்வது. ஐந்து நிமிட வேலை, பைக்கில் வருகிறவர்களுக்கு இதைவிட மருந்து கிடையாது. கடையில் வாங்குவதென்றால் பாட்டிலில் "ஆன்டிபெர்ஸ்பிரன்ட்" என்று போட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் வேர்வையைக் குறைக்கும், வெறும் டியோடரன்ட் குறைக்காது. அதையும் ராத்திரி படுக்கப் போகும்போது காய்ந்த தோலில் தடவ வேண்டும். வேர்க்காத நேரத்தில்தான் அது உள்ளே பிடிக்கும். காலையில் வேர்த்த மேலுக்குத் தடவுவது காசுக்குக் கேடு. சலூனில் சவரத்துக்கப்புறம் தேய்க்கிறார்களே படிகாரம், அதை நனைத்துத் தேய்த்தாலும் ஓரளவு கேட்கும். பழைய சட்டைகளை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, வினிகர் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறப்போட்டு, துவைத்து, நல்ல வெயிலில் காயப்போடலாம். பங்குனி, சித்திரையில் நம் ஊர் வெயிலுக்குத் துணி காய்வதில் பஞ்சமே இல்லை.

இவ்வளவு செய்தும் மூன்று வாரத்தில் குறையவில்லை என்றால் ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரியில் காலை ஓ.பி.க்குப் போய்த் தோல் டாக்டரைப் பார்க்கட்டும். கக்கம் கழுவ மருந்துச் சோப்பு, வேர்வையைக் குறைக்க மாத்திரை என்று பல வழி இருக்கிறது. அதுவும் நடக்காமல், நீங்கள் இரண்டாம் தடவை சொல்லியும் பலனில்லாமல் போனால் அப்போது முதலாளி, அதுவும் தனி அறையில். இதே பிரச்சினை ஒரு பெண் ஊழியரிடம் என்றால் எந்த ஆணும் பேச்செடுக்க வேண்டாம். அவருக்கு நெருக்கமான அக்கா யாராவது சொல்லட்டும்.

சொன்ன பிறகு மற்ற ஐந்து பேரும் "என்ன, சொல்லிட்டியா?" என்று நச்சரிப்பார்கள். பதில் சொல்லாதீர்கள். திங்கட்கிழமை அவர் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், ஒன்றிரண்டு நாள் பேசக்கூட மாட்டார். நீங்களாகவே போய் ஜிஎஸ்டி கணக்கில் ஒரு சந்தேகம் கேளுங்கள். பக்கத்தில் போகும்போது மூக்கை உறிஞ்சிச் சோதிக்க மட்டும் செய்யாதீர்கள், அவர் அதைத்தான் கவனித்துக்கொண்டிருப்பார்.

என் ஆலைக்காரரிடம் கடைசியில் சொன்னேன். ஷிப்ட் முடிந்து கேட் பக்கம் நடக்கும்போது. அவர் கோபப்படவில்லை, காரணம் சொல்லவில்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "எத்தன நாளா சார்?" அப்போது அந்தப் புகார் வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. "ரெண்டு மூணு நாளாத்தான், நேத்துதான் எனக்கே தெரிஞ்சுது" என்றேன். உங்கள் அண்ணாச்சியும் அதைக் கேட்பார். பதிலை இப்போதே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்.