கார்த்திகை வானில் பருந்துகள்: கேள்வி பதில்

கேள்வி (கோவில்பட்டி): அக்கா, மழை விட்ட காலையில் உளுந்துக் காட்டுக்கு மேலே பழுப்புப் பருந்து ஒன்று ரொம்பத் தாழ்வாகப் பறந்து போனது. வாலடியில் வெள்ளைப் பட்டை இருந்தது. என்ன பறவை?

பதில்: பூனைப்பருந்துதான், பெண்ணோ, இளம் பறவையோ. நிறத்தை வைத்து ஆரம்பிக்காதீர்கள். பூனைப்பருந்துகளில் ஆண், பெண், குஞ்சு எல்லாம் வேறு வேறு நிறம். பறக்கும் விதத்தை முதலில் பாருங்கள். இறக்கைகளைக் கொஞ்சம் மேலே தூக்கி வைத்து, தரையைத் தேடியபடி மிதந்து போனால் பூனைப்பருந்து. நம் கரிசல் பக்கம் அக்டோபரில் வந்து மார்ச் வாக்கில் திரும்பும்.

கேள்வி: மாண்டேகு பூனைப்பருந்தா, வெளிறிய பூனைப்பருந்தா என்று எப்படிச் சொல்வது?

பதில்: ஆண் என்றால் எளிது. மாண்டேகுவின் சாம்பல் இறக்கையின் மேல்பக்கம் ஒரு கறுப்புக் கோடு ஓடும். மற்றதில் அந்தக் கோடு இல்லை. உடம்பு வெளுப்பாக, இறக்கை நுனியில் மட்டும் ஆப்பு வடிவக் கறுப்பு. பெண் பறவைக்கு முகம் தெரிய வேண்டும்: கன்னத்துக் கருமைக்குப் பின்னால் தெளிவான வெளிர் கழுத்துப்பட்டை இருந்தால் வெளிறியது. தெரியவில்லையா, 'பூனைப்பருந்து' என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஊகித்து எழுதும் பெயரைவிட அது மேலான பதிவு.

கேள்வி: அந்தரத்தில் ஒரே இடத்தில் நின்று இறக்கை அடிப்பது?

பதில்: வெள்ளையும் சாம்பலுமாக, தோளில் கறுப்போடு இருந்தால் கருந்தோள் பருந்து, வருடம் முழுக்க இங்கேயே இருக்கும். முதுகு செங்கல் நிறம், வால் நீளம் என்றால் சிவப்பு வல்லூறு, குளிர்கால விருந்தாளி.

கேள்வி (சென்னை): பள்ளிக்கரணையில் பார்க்கும் கரும்பழுப்புப் பறவை கரும்பருந்தா?

பதில்: வாலைப் பாருங்கள். நுனி கவை போல உள்வாங்கியிருந்தால் கரும்பருந்து. அப்படி இல்லாமல், உச்சந்தலையும் தொண்டையும் பாலாடை நிறத்தில், கோரைக்கு மேலே தாழ்ந்து மிதந்தால் சேற்றுப் பூனைப்பருந்தின் பெண். இதற்கு வாலடி வெள்ளை கிடையாது.

கேள்வி: எங்கள் வேப்பமரத்தில் வைரி என்கிற சிறு பருந்து உட்கார்ந்திருந்தது. அது அக்காக்குயில் என்கிறார் மாமா.

பதில்: அவர் சொல்வதாகவும் இருக்கலாம். அக்காக்குயில் அச்சு அசல் வைரி மாதிரியே இருக்கும். அலகைப் பாருங்கள்: வைரிக்குக் கொக்கி, குயிலுக்கு அந்தக் கொக்கி இல்லை.

கேள்வி: மாலையில் பூனைப்பருந்துகள் அடையும் இடம் தெரியும். கிட்டப் போய்ப் படம் எடுக்கலாமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து. இவை மரத்தில் அடைவதில்லை. புல்லுக்குள் தரையிலேயே கூட்டமாகத் தங்குகின்றன. ஆள் நடந்தால் மொத்தமும் எழுந்து இருட்டில் அலையும். கஜகஸ்தான் புல்வெளிகளிலிருந்து வரும் மாண்டேகுகள் நம் காட்டு வெட்டுக்கிளிகளைத் தின்கின்றன. அவற்றுக்கு வேண்டியது உழாத, கொளுத்தாத கொஞ்சம் புல். அதைத் தரிசு என்று சொல்லித்தான் அழிக்கிறோம். எனக்கு ஆறவே இல்லை. சூரியன் இறங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போய், வண்டிப்பாதையிலேயே நின்று, 8 மடங்கு இருநோக்கியில் பாருங்கள். படத்தோடு இடத்தின் பெயரைப் போடாதீர்கள்.