ஹார்ட் டிஸ்க்ல இருக்கறத அப்படியே எஸ்எஸ்டிக்கு மாத்த காப்பி பேஸ்ட் போதுமா, குளோன் தான் பண்ணணுமா?

"லேப்டாப் ரொம்ப ஸ்லோ, 1 டிபி ஹார்ட் டிஸ்க்க கழட்டிட்டு எஸ்எஸ்டி போடப் போறேன், உள்ள இருக்கறது எல்லாம் அப்படியே வேணும், சி டிரைவ் மொத்தத்தையும் செலக்ட் பண்ணி காப்பி அடிச்சா போதாதா"ன்னு கேட்டிருக்கீங்க. போதாது. காப்பி பேஸ்ட்ல உங்க போட்டோ, பைல் எல்லாம் வரும், ஆனா கம்ப்யூட்டர் ஆன் ஆகறதுக்கு வேண்டிய பூட் பகுதி, கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன பார்ட்டிஷன் (டிஸ்க்க பிரிச்சு வச்ச பகுதி), எது எங்க இருக்குன்னு சொல்ற பார்ட்டிஷன் டேபிள் இதெல்லாம் வராது. விண்டோஸ் ஓடிட்டு இருக்கும்போது அது பிடிச்சு வச்சிருக்கற பைல்களையும் காப்பி பண்ண விடாது. புது டிஸ்க்க மாட்டினா கறுப்பு ஸ்கிரீன் தான் வரும். அதனால குளோன் தான், அதாவது பூட் பகுதியோட சேத்து மொத்த டிஸ்க்கையும் அப்படியே நகல் எடுக்கறது.

எனக்கு முன்னாடி ரெண்டு பேர் "எதுக்கு இந்த தலைவலி, ஃபார்மட் போட்டு ஃப்ரெஷ்ஷா விண்டோஸ் ஏத்துங்க, அதான் சுத்தம்"னு பதில் போட்டிருக்காங்க. அதப் பாத்துட்டு தான் எழுத உக்காந்தேன். தப்புன்னு சொல்லல, பிரவுசரும் ஆபீஸும் மட்டும் வச்சிருக்கறவங்களுக்கு அது நல்ல யோசனை தான். ஆனா ஒருத்தர் "அப்படியே வேணும்"னு கேட்டா அவருக்கு ஒரு காரணம் இருக்கும்.

என் காரணத்த சொல்றேன். ராஜபாளையம் பக்கம் எங்க அப்பா ஆரம்பிச்ச டிடிபி கடை, கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, நினைவஞ்சலி போஸ்டர் எல்லாம் அடிச்சுக் கொடுப்போம். கடைல மெயின் சிஸ்டம் விண்டோஸ் 7, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், அதுல பேஜ்மேக்கர் 7ங்கற பழைய டிசைன் சாஃப்ட்வேர். "இன்னுமா பேஜ்மேக்கர், யூனிகோடுக்கு மாறலையா"ன்னு யாராவது கேப்பீங்க, அதுக்கும் இப்பவே சொல்லிடறேன். புது வேலை எல்லாம் யூனிகோடுல தான் பண்றேன், இன்னொரு சிஸ்டம் இருக்கு. ஆனா பழைய பைல் பூராவும் பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டுல அடிச்சது. அந்த ஃபான்ட் இல்லாத மெஷின்ல திறந்தா தமிழே தெரியாது, இங்கிலீஷ் எழுத்தும் கமாவும் புள்ளியுமா கிடக்கும். அப்பா டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல தமிழ் ஹையர் பாஸ் பண்ணவரு, அவர் விரலுக்குப் பழகின டைப்ரைட்டர் கீபோர்டு செட்டிங்கும் அந்த ஒரு சிஸ்டத்துல தான் இருக்கு. அந்த ஃபான்ட்டெல்லாம் எந்த சிடிலேந்து ஏத்தினதுன்னு இன்னைக்கு அவருக்கே ஞாபகம் இல்ல.

இத விட பெருசு அவரோட ஃபோல்டர். தெருப் பேரு, அதுக்குள்ள வீட்டுப் பேரு, அதுக்குள்ள "மூத்த பொண்ணு கல்யாணம்", "பேரன் காதுகுத்து"ன்னு இருக்கும். ரெண்டாவது பொண்ணுக்கு கல்யாணம்னு வந்தா மூத்தவ பத்திரிகையத் தான் திறப்போம். ஏன்னா கீழ "தங்கள் நல்வரவை விரும்பும்"னு வர்ற பேர் வரிசை இருக்கு பாருங்க, தாய்மாமன் எங்க வரணும், பெரியப்பா எங்க வரணும், யார் பேருக்கு முன்னாடி யார் பேரு வரக்கூடாதுன்னு அந்தக் குடும்பம் உக்காந்து பேசி முடிவு பண்ணின வரிசை அது. அது தொலைஞ்சா திரும்ப முதல்லேந்து ஆரம்பிக்கணும். இதப் போய் ஃபார்மட் போடுன்னா எப்படிங்க போடறது?

ஆடி மாசத்துலயே சிஸ்டம் இழுக்க ஆரம்பிச்சுது, ஒரு பைல் திறக்க ரெண்டு நிமிஷம். ஆடில கடைல வேலை கிடையாது, அப்பவே பண்ணிருக்கணும், பண்ணல. ஆவணி மொத முகூர்த்தத்துக்கு நாலு நாள் இருக்கும்போது டிஸ்க்லேந்து கடக் கடக்னு சத்தம். சர்வீஸ் கடைக்காரர் வந்து காதை வச்சுக் கேட்டுட்டு "அண்ணே, பழசாயிடுச்சு, ஃபார்மட் போட்டுப் பாப்போம்"னார். அவரத் தப்பு சொல்லல, அவருக்கு ஒரு நாளைக்கு இருபது மெஷின். வேண்டாம்னு அனுப்பிட்டேன்.

குளோனசில்லான்னு ஒரு சாஃப்ட்வேர், தைவான்காரங்க பண்ணினது, ஃப்ரீ. பென் டிரைவ்ல ஏத்தி அதுலேந்தே பூட் பண்ணணும், விண்டோஸ் ஓடாது, அதனால எந்த பைலும் லாக் ஆகாது. 480 ஜிபி எஸ்எஸ்டி ஒண்ணு வாங்கிட்டு வந்தேன், 500ல எப்படியும் 200 கூட நிரம்பலையே பத்தும்னு நெனச்சேன். ஆரம்பிச்ச உடனே மாட்டேன்னுடுச்சு. அதுக்குக் கணக்கு நீங்க எவ்வளவு நிரப்பி வச்சிருக்கீங்கங்கறது இல்ல, டிஸ்க்கோட மொத்த அளவு தான். போற இடம் பழசுக்குச் சமமாவோ பெருசாவோ இருக்கணும். 500 ஜிபின்னு போட்டு வர்ற டிஸ்க் பெரும்பாலும் 97 கோடியே 67 லட்சத்து 73 ஆயிரத்து 168 செக்டர் (டிஸ்க்க பிரிச்சு வச்சிருக்கற சின்னச் சின்னக் கட்டம்), 480ல அவ்வளவு கிடையாது. உங்களுக்கும் இதே பிரச்சனை வரும், 1 டிபிலேந்து 512க்குப் போறதா இருந்தா முதல்ல விண்டோஸ்லயே பார்ட்டிஷன சுருக்கிட்டு, குளோனசில்லால டிஸ்க் அளவப் பாக்காம விடச் சொல்ற ஆப்ஷனையும் (-icds) போடணும், இல்ல சுருக்கித் தர்ற குளோன் சாஃப்ட்வேரா பாக்கணும்.

நானும் டி டிரைவ சுருக்கலாம்னு உக்காந்தேன். நல்லவேளை அதுக்கு முன்னாடி சென்னைல சர்வர் பாக்கற என் மாமா பையனுக்கு போன் போட்டேன். "மாப்ள, அதுல இனிமே ஒரு எழுத்து கூட எழுதாத, மொதல்ல ஸ்மார்ட் பாரு"ன்னான். ஸ்மார்ட்ங்கறது டிஸ்க் தன்னோட உடம்பு எப்படி இருக்குன்னு தானே குறிச்சு வைக்கற கணக்கு. அதக் காட்டற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர் போட்டுப் பாத்தா மஞ்சள் கலர்ல எச்சரிக்கை, பெண்டிங் செக்டர்ங்கற வரில நம்பர் ஏறி இருக்கு. அந்த நம்பர் பூஜ்யமா இல்லைன்னா டிஸ்க் சில இடத்தப் படிக்க முடியாமத் திணறுதுன்னு அர்த்தம். அந்த மாதிரி டிஸ்க்ல சுருக்கறது, செக் டிஸ்க் (விண்டோஸ்லயே இருக்கற, டிஸ்க்ல தப்பு இருந்தா திருத்தற கருவி) ஓட்டறது எல்லாம் அது சாவ சீக்கிரமாக்கறது தான். நீங்களும் குளோனுக்கு முன்னாடி இத ஒரு தடவ பாத்துடுங்க, டிஸ்க் நல்லா இருந்தா சாதா குளோன், இல்லைன்னா கதையே வேற.

480அ மாத்தி 500 வாங்கிட்டு வந்தேன், 600 ரூபா கூட ஆச்சு. மாப்ள சொன்னது டிடிரெஸ்க்யூ, பென் டிரைவ்லேந்து லினக்ஸ பூட் பண்ணி ஓட்டற, கெட்டுப்போற டிஸ்க்லேந்து டேட்டாவ மீட்கற சாஃப்ட்வேர். சாதா குளோன் மோசமான செக்டர்ல இடிச்சா அங்கயே நின்னுடும். இது அப்படி இல்ல, கஷ்டமான இடத்தத் தாண்டிப் போயி மொதல்ல சுலபமா வர்றத எல்லாம் வாரிக்கும், அப்புறமா திரும்பி வந்து மிச்சத்த முட்டி முட்டிப் படிக்கும். எது வந்துச்சு எது வரலைன்னு மேப் பைல்னு ஒண்ணுல குறிச்சுக்கும். அந்த மேப் பைல தனி பென் டிரைவ்ல வைன்னு மாப்ள மூணு தடவ சொன்னான்.

பழைய டிஸ்க், புது டிஸ்க் ரெண்டுமே ஸ்கிரீன்ல 500 ஜிபின்னு ஒரே மாதிரி தெரியும், எஸ்டிஏ எஸ்டிபின்னு பேரு. எதுலேந்து எதுக்குங்கறத மாத்திப் போட்டா காலி டிஸ்க்க கொண்டுபோய் நிரம்பின டிஸ்க் மேல எழுதிடும். அதனால பிரவுன் டேப் ஒட்டி ஸ்கெட்ச் பேனாவால "பழசு", "புதுசு"ன்னு எழுதி, அதுக்குக் கீழ சீரியல் நம்பரோட கடைசி நாலு எழுத்தையும் எழுதிட்டேன். ஷட்டர பாதி இறக்கிட்டு ராத்திரி ஒன்பதரைக்கு ஆரம்பிச்சேன், பழைய டிஸ்க்குக்கு நேரா டேபிள் ஃபேன். பாதிக்கு மேல வரைக்கும் ஜோரா ஓடுச்சு, அப்புறம் ஸ்பீடு எம்பிலேந்து கேபிக்கு விழுந்துச்சு. ரெண்டரை மணிக்கு கரண்ட் போச்சு. யூபிஎஸ் அஞ்சு நிமிஷம் கூடத் தாங்கல.

கரண்ட் வந்து திரும்ப பூட் பண்ணி, பேப்பர்ல எழுதி வச்சிருந்த கமாண்ட அப்படியே அடிச்சுட்டேன். என்டர் தட்டறதுக்கு முன்னாடி எதுக்கும் ஒரு தடவ சீரியல் நம்பரப் பாப்போம்னு பாத்தேன். எஸ்டிஏங்கற இடத்துல புதுசோட நம்பர். பேர் மாறி உக்காந்திருந்துச்சு! லினக்ஸ்ல அந்தப் பேரு ஒவ்வொரு தடவையும் ஒரே டிஸ்க்குக்குத் தான் வரும்னு நிச்சயம் கிடையாது. அந்த என்டர நான் தட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்ப எழுதும்போது கூட கை சில்லுங்குது. மாத்தி அடிச்சேன், மேப் பைல் இருந்ததால விட்ட இடத்துலேந்து ஓட ஆரம்பிச்சுது.

மறுநாள் சாயங்காலம் முடிஞ்சுது. பழசக் கழட்டிட்டு புதுச மட்டும் மாட்டி ஆன் பண்ணேன். ரெண்டும் ஒரே அடையாளத்தோட இருக்கும், அதனால ரெண்டையும் சேத்து மாட்டி விண்டோஸ ஆன் பண்ணாதீங்க, ஒண்ண அது ஆஃப்லைன் பண்ணிடும். செக் டிஸ்க்க புதுசுல ஓட்டினேன். மொத்தத்துல மூணு பைல் தான் திறக்கல, மூணும் பழைய போஸ்டர். அப்பா வந்து கண்ணாடியப் போட்டு உக்காந்து மேலத்தெரு ஃபோல்டரத் திறந்து ஒரு பத்திரிகைய மேலேந்து கீழ வரைக்கும் படிச்சாரு. "எல்லாம் எடத்துல இருக்குப்பா"ன்னாரு.

இவ்வளவு பாடுபட்டு வச்சிருக்கோம், ஆனா இப்ப சிலர் என்ன பண்றாங்கன்னா, டிசைன் பண்ணச் சொல்லி நாலு தடவ கரெக்ஷன் சொல்லி ப்ரூஃப வாட்ஸ்அப்ல வாங்கிக்கிட்டு, அந்த ப்ரூஃபையே சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிட்டு "பிரிண்ட் வேண்டாம் அண்ணே"ங்கறாங்க. டிசைனுக்காவது காசு குடுங்கன்னு கேட்டா "போன்லயே ஃப்ரீயா பண்ணலாமே"ங்கறாங்க. அப்ப போன்லயே பண்ணிருக்கலாமே, ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு எதுக்கு "ஒரே ஒரு சின்ன கரெக்ஷன்"னு மெசேஜ்? இதுக்கும் உங்க கேள்விக்கும் சம்பந்தம் இல்லதான், மனசுல கிடந்தது வந்துடுச்சு.

உங்க விஷயத்துக்கு வர்றேன். உங்களது விண்டோஸ் 10ஓ 11ஓ தான் இருக்கும், அதனால பிட்லாக்கர் (டிஸ்க்ல இருக்கறத கீ இல்லாம படிக்க முடியாதபடி பூட்டி வைக்கற விண்டோஸ் வசதி) ஆன்ல இருக்கான்னு பாருங்க, பல லேப்டாப்ல நாம கேக்காமலே ஆன் ஆகியிருக்கும். அந்த 48 இலக்க ரெக்கவரி கீய ஒரு பேப்பர்ல எழுதி வச்சுட்டு, அப்புறம் அத ஆஃப் பண்ணிட்டு குளோன் பண்ணுங்க. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் ஆஃப் பண்ணி முழுசா ஷட்டவுன் பண்ணுங்க. குளோனசில்லா பயமா இருந்தா, எஸ்எஸ்டி கம்பெனிக்காரங்களே குளோன் சாஃப்ட்வேர் ஃப்ரீயா தர்றாங்க, சாம்சங் வாங்கினா டேட்டா மைக்ரேஷன்னு இருக்கு. மேக்ரியம் ஃப்ரீன்னு பழைய வீடியோல எல்லாம் சொல்வாங்க, அந்த இலவச வெர்ஷன அவங்க நிறுத்திட்டாங்க. புது டிஸ்க் பெருசா இருந்து மிச்ச இடத்த சி டிரைவோட சேக்க முடியலைன்னா நடுவுல ரெக்கவரி பார்ட்டிஷன் உக்காந்திருக்கும், அத நகத்தணும், பயப்படாதீங்க. பழைய டிஸ்க்க ஒரு மாசத்துக்குத் தொடாதீங்க. எங்களது இன்னும் பீரோல தேதி போட்ட கவர்ல இருக்கு.

எஸ்எஸ்டி வாங்கறதுக்கு முன்னாடி ஸ்லாட்ட பாத்துடுங்க, எம்.2ன்னு ஒரே சைஸ்ல இருந்தாலும் உள்ள சாட்டாங்கற இணைப்பு வேற, என்விஎம்இங்கற இணைப்பு வேற. லேப்டாப் மாடல் நம்பர கீழ போடுங்க, எது செட் ஆகும்னு பாத்து சொல்றேன். முகூர்த்த சீசன், கடை சாத்தினதுக்கு அப்புறம் தான் பதில் போட முடியும்.