கொடுத்ததை ஏலத்தில் எடுப்பது

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். மூன்று வருஷமாக நீங்கள் எழுதுவதை வாசிக்கிறேன், கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எங்களுக்குக் கோத்தகிரிப் பக்கம் ஒரு சின்ன ஊர். வீட்டுக்காரருக்கு டீ பேக்டரியில் வேலை, சொந்தமாக முக்கால் ஏக்கர் தேயிலை இருக்கிறது. ஒரே மகன், கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறான். அவனைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த அன்று ராத்திரியே முழங்காலில் நின்று கர்த்தர் கையில் ஒப்புக்கொடுத்துவிட்டேன். வாழ்க்கையின் ஸ்டீயரிங்கையே அவரிடம் கொடுத்துவிட்டேன் என்று சபையில் சாட்சியும் சொன்னேன். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. போனை எடுத்து லொக்கேஷன் பார்க்கிறேன். அந்த நீலப் புள்ளி ஹாஸ்டலில் நின்றால்தான் திரும்பத் தூக்கம். அவனுக்கு இது தெரியாது. எங்கள் ஜெபக்குழுவில் மூத்த அக்கா ஒருவர், பயம் இருந்தால் விசுவாசம் இல்லை என்றுதான் அர்த்தம் என்கிறார். நான் சாப்பிடும் பிரஷர் மாத்திரையும், போட்டிருக்கும் இன்சூரன்ஸும்கூட அவிசுவாசம்தானாம். மாத்திரையை நிறுத்திப் பத்து நாள் ஆகிறது. என் ஒப்புக்கொடுத்தல் பொய்யா அண்ணா? உண்மையாக ஒப்புக்கொடுத்தவர்களுக்குப் பயம் வராதா?

பெயர் போட வேண்டாம்.
ஒரு சகோதரி

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் மாத்திரை. இந்தப் பதிலை வாசித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். எழுதிக்கொடுத்த டாக்டரைக் கூப்பிட்டு, பத்து நாளாக நிறுத்திவிட்டேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லி, அவர் சொல்கிறபடி செய்யுங்கள். போய்விட்டு வாருங்கள், நான் எங்கேயும் போகவில்லை.

செய்தாயிற்றா? சரி.

அந்த மூத்த அக்கா நல்லவராகத்தான் இருப்பார். உங்களுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக்கொண்டு முதலில் வந்து நிற்கப்போவதும் அவராகத்தான் இருக்கும், அப்படிப்பட்டவர்களை எனக்குத் தெரியும். ஆனாலும் இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குத் தலைக்கு ஏறிவிடுகிறது. நான் இருக்கிற இந்த மலையில் கொடைக்கானல் என்று ஒரு ஊர் எதற்காக உண்டானது என்று அவரிடம் கேளுங்கள். 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் காலராவிலும் காய்ச்சலிலும் செத்தார்கள், பெற்ற பிள்ளைகளைப் புதைத்தார்கள். அவர்கள் ஜெபிக்காதவர்களா? முதலில் சிறுமலையில் போய்த் தங்கிப் பார்த்தார்கள், காய்ச்சல் அங்கேயும் விடவில்லை. அதற்கப்புறம் இன்னும் உயரமாக இந்த மலைக்கு ஏறி 1845-ல் இரண்டு வீடு கட்டினார்கள். (டோலியில் வைத்துச் சுமந்து ஏற்றியது நம் ஆட்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் கிடையாது, அதை இன்னொரு நாள் பேசுவோம்.) மலேரியாக் காய்ச்சலுக்குக் கொசுதான் காரணம் என்று அப்போது யாருக்கும் தெரியாது, ரொனால்ட் ராஸ் அதைக் கண்டுபிடித்தது 1897-ல். உயரத்தில் காய்ச்சல் குறைவு, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது. தெரிந்த அந்த ஒன்றை வைத்துக்கொண்டு ஜெபித்துக்கொண்டே மலை ஏறினார்கள். உங்கள் அக்கா அன்றைக்கு மதுரையில் இருந்திருந்தால் அடிவாரத்திலேயே மறித்து நின்று, எங்கே உங்கள் விசுவாசம் என்று கேட்டிருப்பார். திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் மிஷனரியாக இருந்த ஏமி கார்மைக்கேல் 1931-ல் கீழே விழுந்து அடிபட்டவர், 1951-ல் கண்ணை மூடுகிறவரை பெரும்பாலும் அறையை விட்டு வெளியே வர முடியாமலே கிடந்தார். அவருக்கும் விசுவாசம் பத்தாமல் போய்விட்டதா?

இன்சூரன்ஸ் தவணையை ஒழுங்காகக் கட்டுங்கள். ஸ்டீயரிங் உவமையை மட்டும் தயவுசெய்து இனிமேல் எந்தச் சாட்சியிலும் சொல்ல வேண்டாம். என் தம்பி மகன் வத்தலக்குண்டு மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறான், வளைவில் கையை எடுக்கிறவனுக்கு நாங்கள் வேறு பெயர் வைத்திருக்கிறோம்.

பயம் வருமா என்று கேட்டீர்கள். சிலுவைக்கு முந்தின ராத்திரி, கெத்செமனே தோட்டத்தில் இயேசுவுக்கே வந்தது. ஒரே ஜெபத்தை மூன்று தடவை செய்யும் அளவுக்கு, வேர்வை தரையில் விழும் அளவுக்கு வந்தது. இந்தப் பாடுகளின் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்டதும் அவர்தான், உம்முடைய சித்தம் என்று சொன்னதும் அவர்தான், இரண்டும் ஒரே மூச்சில். இதற்குமேல் இதில் நான் விளக்க ஒன்றும் இல்லை.

எனக்குத் தொண்டையில் மாட்டிக்கொண்டது உங்கள் நீலப் புள்ளி. எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை முடிந்து பத்து நாள்தான் ஆகிறது. அன்றிலிருந்து ஒரு பழைய ஏலத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

உங்கள் பக்கம் எப்படியோ, எங்கள் மேல்மலையில் அறுப்பின் பண்டிகை என்றால் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பீன்ஸும் ஆல்டருக்கு முன்னால் குவிந்துவிடும். கோழி ஒன்று காலைக் கட்டிப் போட்டபடி பிரசங்கம் முழுக்கக் கத்திக்கொண்டே இருக்கும். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஐந்து ரூபாய் எலுமிச்சம்பழம் ஐந்நூறுக்குப் போகும், ஒருவரையொருவர் சீண்டி ஏற்றிவிடுவார்கள், காசு சபைக்கு. கேட்காமல் கையைச் சொறியத் தூக்கியவர்கள்கூடப் பூசணிக்காயோடு வீட்டுக்குப் போனது உண்டு.

எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது ஒரு பண்டிகை. எங்கள் மலைப்பூண்டைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், 2019-ல் புவிசார் குறியீடெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு அது எங்களுக்கு வெறும் பூண்டு, வடுகபட்டிச் சந்தையில் என்ன விலை போகிறது என்பதுதான் அதைப்பற்றி எங்களுக்கு இருந்த ஒரே கவலை. அறுவடை முடிந்ததும் தாளோடு கட்டுக்கட்டாகக் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிடுவோம். புகையிலேயே மாதக்கணக்கில் கிடக்கும், பல் கெட்டியாக நிற்கும். அதில் விதைக்கு என்று அப்பா தனியாக ஒதுக்குவார். ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு பூண்டாகக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத்தான் ஒதுக்குவார். அந்தக் கட்டைத் தொட எங்கள் யாருக்கும் அனுமதி கிடையாது. விலை எவ்வளவு ஏறினாலும், வீட்டில் அரிசி இல்லாவிட்டாலும், அது இறங்காது.

அந்த வருஷம் என் தம்பிக்கு டைபாய்டு வந்து பிழைத்திருந்தான். அம்மா ஒன்றும் சொல்லாமல், பண்டிகையன்று விடிகாலையில் ஏணி போட்டு ஏறி, அந்த விதைக்கட்டையே இறக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். முதற்பலன் என்றால் இருப்பதில் நல்லதைத்தானே கொடுக்க வேண்டும், இருப்பதிலேயே நல்லது அதுதானே.

அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்தவர், பிரசங்கம் பாதி போகும்போதுதான் பார்த்திருக்கிறார். அது தன் முடிச்சு என்று தூரத்திலிருந்தே அவருக்குத் தெரியும். எழுந்து போய் எடுக்க முடியுமா? ஏலம் வரும்வரை பொறுத்தார். சந்தையில் 12 ரூபாய் பெறாத கட்டு. அப்பா கையைத் தூக்கியதும் டீக்கடைக்காரர் ஒருவர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டார், அவ்வளவுதான், விளையாட்டாக ஏற்ற ஆரம்பித்தார். 15, 18, 20. அப்பா சிரிக்கவே இல்லை. 30-க்கு மேல் டீக்கடைக்காரருக்கே என்னவோ போலாகி, 35-ல் நிறுத்திக்கொண்டார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். கையில் காசு இல்லை, பொருளாளரிடம் கடன் சொல்லிவிட்டுக் கட்டைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்.

பாதி வழி யாரும் பேசவில்லை. அப்புறம் அம்மா, "கர்த்தருக்குக் குடுத்ததைக் காசு குடுத்துத் திருப்பி வாங்கிட்டு வர்ற ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்" என்றாள். அப்பா திரும்பாமலே, "வெதையக் குடுத்துட்டா அடுத்த வருசம் என்னத்தடி குடுப்ப?" என்றார்.

இதில் யார் சொன்னது சரி என்று நான் ஐம்பது வருஷமாக யோசிக்கிறேன். அந்த விதை அந்த வருஷம் நூறு மடங்கு விளைந்தது என்றோ, பனியில் கருகிப் போனது என்றோ சொன்னால் உங்கள் ஜெபக்குழுவில் சொல்ல வசதியாக இருக்கும். எப்போதும் போலத்தான் விளைந்தது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், இதை நான் எங்கே போனாலும் சொல்லி எல்லோரையும் சலிக்க வைத்திருக்கிறேன். ஒப்புக்கொடுத்தல் என்றதும் நம் பிரசங்கிமார் எடுப்பது மன்னாவை, வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்களுக்கு வானத்திலிருந்து விழுந்த அப்பத்தை. நாளைக்கென்று எடுத்து வைத்தால் புழுத்து நாறும், அதனால் எதையும் எடுத்து வைக்காதே, கவலைப்படாதே. நல்லது. அந்த மன்னா நின்றுபோன நாளைப் பற்றி யாராவது பிரசங்கம் செய்து கேட்டிருக்கிறீர்களா? யோசுவா 5-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நாற்பது வருஷம் விழுந்தது, கானானுக்குள் வந்து அந்தத் தேசத்து விளைச்சலைச் சாப்பிட்ட மறுநாளே நின்றுவிட்டது. கோபத்தில் நிறுத்தியதாக அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. கையில் நிலம் வந்துவிட்டது, அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த ஜனங்கள் விதைக்கு எடுத்து வைத்தே தீர வேண்டும், எடுத்து வைக்காதவன் மறுவருஷம் பட்டினி. ஒரே தேவன்தான், வனாந்தரத்தில் எடுத்து வைக்காதே என்கிறார், நிலத்துக்கு வந்ததும் எடுத்து வைத்துப் பிழை என்று விட்டுவிடுகிறார். நீங்களும் நானும் மன்னா நின்ற பிறகு பிறந்தவர்கள், தங்கச்சி. முக்கால் ஏக்கர் தேயிலையை வைத்துக்கொண்டு, கவாத்து செய்து, உரம் போட்டு, பறித்துக் கொண்டுபோய்ப் பச்சை இலைக்கு என்ன விலை என்று கேட்டு நிற்கிற நீங்கள், வனாந்தரத்தில் நிற்கிறவரைப் போல எதற்கு நடிக்க வேண்டும்?

அப்படியானால் நிலத்தில் இருக்கிறவன் எதைத்தான் ஒப்புக்கொடுப்பது? எங்கள் அப்பாவைப் பார்த்துத்தான் எனக்கு இது கொஞ்சம் புரிந்தது. அந்த 35 ரூபாய்க் கட்டைப் பிரித்துப் பல் பல்லாக உடைத்து மண்ணில் ஊன்றினார். ஊன்றுகிறவரை அத்தனை பிடிவாதம் பிடித்தவர், ஊன்றி மூடினதும் கையைத் தட்டிவிட்டு வந்துவிட்டார், அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினார். எனக்குத்தான் தூக்கம் இல்லை. நாலாம் நாள் போய் ஒரு பல்லைத் தோண்டிப் பார்த்தேன், லேசாக வேர் விட்டிருந்த மாதிரி இருந்தது, திரும்பப் புதைத்தேன். மறுநாளும் பார்த்தேன். பக்கத்துப் பல்லையும் பார்த்தேன். பாத்தியில் அந்த ஓரம் மட்டும் முளைக்காமல் கிடந்தபோது அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. அடிப்பார் என்று நினைத்தேன். "பாத்துக்கிட்டே இருந்தா மொளைக்காதுடா" என்றார், அவ்வளவுதான்.

மாற்கு எழுதிய சுவிசேஷத்தில் விதைக்கிறவன் ஒருவன் வருகிறான், நான்காம் அதிகாரம். விதைத்துவிட்டு இரவில் தூங்குகிறான், பகலில் எழுந்திருக்கிறான், விதை அவனுக்குத் தெரியாத விதமாக முளைக்கிறது. தூங்குகிறான் என்றுதான் போட்டிருக்கிறது, கவனித்தீர்களா? இரண்டு மணிக்கு எழுந்து போன் பார்த்தான் என்று இல்லை.

இப்போது கொஞ்சம் திட்டப்போகிறேன். கடிதத்தில் நீங்கள் ஓட்டமாக ஓடிப்போன ஒரு வரி இருக்கிறது: "அவனுக்கு இது தெரியாது." இதை எப்படி அவ்வளவு லேசாக எழுதினீர்கள்? பதினெட்டு வயது தாண்டின பிள்ளை ராத்திரி எங்கே இருக்கிறான் என்று அவனுக்குத் தெரியாமல் பார்ப்பதற்குப் பெயர் பயமும் இல்லை, விசுவாசக் குறைவும் இல்லை, வேவு. ஞாயிற்றுக்கிழமை ஆல்டரில் வைத்துவிட்டு, அன்று ராத்திரியே கையைத் தூக்கி ஏலம் கேட்கிறீர்கள். அதுவும் எங்கள் அப்பாவைப் போல எல்லார் முன்னாலும், 35 ரூபாய் கொடுத்து, பெண்டாட்டியிடம் திட்டு வாங்கி எடுத்திருந்தால் ஒரு மரியாதை இருந்திருக்கும், நீங்கள் யாருக்கும் தெரியாமல் எடுக்கிறீர்கள். அவனிடம் சொல்லிவிடுங்கள். இந்த வாரமே. அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை, அதனால் இப்படிப் பண்ணினேன் என்று சொல்லுங்கள். கோபப்படுவான், படட்டும். அப்புறம் அவனாகவே, சரிம்மா, பார்த்துக்கோ என்றாலும் சொல்வான், பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட இரக்கமுள்ளவர்கள். அணைத்துவிடு என்று சொன்னால் அணைத்துவிடுங்கள். இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் அவன் பெயரைச் சொல்லி ஜெபித்துவிட்டுக் கொஞ்சம் வெந்நீர் குடியுங்கள், கோத்தகிரிக் குளிருக்கு அது நல்லது.

உங்கள் ஒப்புக்கொடுத்தல் பொய்யா என்றுதானே கேட்டீர்கள், அதை மறந்தே போனேன். பொய்யில்லை. இன்னும் கொடுத்து முடியவில்லை, அவ்வளவுதான். எனக்கும்தான்.

இந்த வருஷம் நானும் ஒரு விதைக்கட்டை வைத்தேன். அம்மா போய்ப் பல வருஷமாகிவிட்டது, அவளுக்காக ஒரு தடவையாவது இருப்பதிலேயே நல்லதைக் கொடுத்துப் பார்ப்போம் என்று வீம்பாகத்தான் வைத்தேன். ஏலத்தில் கையைத் தூக்கவே கூடாது என்று இருந்தேன். 600 வந்ததும் தூக்கினேன், 900-க்குத் தூக்கினேன், 1,100-க்கு வீட்டுக்காரி என் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். பண்ணைக்காட்டிலிருந்து விருந்தாளியாக வந்திருந்த ஒருவர் எடுத்துக்கொண்டு போனார், அது விதைப்பூண்டு என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. இந்நேரம் பாதியை ரசத்தில் தட்டிப் போட்டிருப்பார். எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

அன்புடன்,
அண்ணன்