ரீகண்டிஷன் பண்ண ரோட்டரி என்ஜின் எத்தன நாள் தாங்கும்?

தம்பி, துபாய்ல ரீகண்டிஷன் என்ஜின் போட்ட மஸ்தா ஆர்எக்ஸ்-8 ஒண்ணு சல்லிசா வருது, வாங்கலாமான்னு கேட்டிருக்கீங்க. நான் மதுரை காளவாசல் பக்கம் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், அதுக்கு முந்தி ஷார்ஜால ஆறு வருஷம் இந்த வண்டியெல்லாம் கழட்டி மாட்டுன ஆளு.

இந்த வண்டியோட ரோட்டரி என்ஜின்ல பிஸ்டன் கிடையாது, முக்கோணமா ரோட்டார் சுத்தும், அதோட மூணு முனையிலயும் காத்து கசியாம அடைக்கிற அபெக்ஸ் சீல்தான் உசுரு. புது சீல் போட்டுட்டு, உள்சுவர்ல குரோம் உரிஞ்ச பழைய ஹவுசிங்கையே (ரோட்டார் சுத்துற கூடு) திருப்பி மாட்டிருந்தா சீக்கிரமே கம்ப்ரஷன், அதாவது உள்ள அமுக்குற அழுத்தம், போயிரும். நான் பிரிச்ச ஒண்ணுல நகத்த வச்சு இழுத்தா தட்டுச்சு, வெளிய மட்டும் பெயிண்ட் அடிச்சு பளபளன்னு இருந்துச்சு, மனசே கேக்கல. அதனால ஹவுசிங் புதுசான்னு பில்லக் கேளுங்க.

கம்ப்ரஷன் பாக்க ரோட்டரிக்குன்னே தனி டெஸ்டர் இருக்கு, என்ஜின் 250 ஆர்பிஎம்ல சுத்துறப்ப ரோட்டாரோட மூணு பக்கத்துல எதுலயும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6.9 கிலோவுக்குக் கொறையக் கூடாது. என்ஜின் நல்லா சூடானதும் ஆஃப் பண்ணி உடனே ஸ்டார்ட் பண்ணுங்க, ஸ்டார்ட் ஆகாம ரொம்ப நேரம் சுத்துனா அந்த வண்டி வேணாம்.

கம்பெனி என்ஜினே சீக்கிரம் போனதாலதான் அமெரிக்காவுல 2004லருந்து 2008 மாடல் வரைக்கும் என்ஜின் வாரண்டிய 8 வருஷம், 1,00,000 மைலுன்னு நீட்டுனாங்க. தீப்பொறிக்குக் கரண்ட் குடுக்குற பழைய இக்னிஷன் காயிலையும், புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைச்சிருந்தா அதையும் மாத்தாம விட்டா புது என்ஜினையும் தின்னுரும். சீலுக்காக ஆயில எரிக்கிறதுதான் இதோட அமைப்பே, ரெண்டு தடவ பெட்ரோல் போட்டா ஒரு தடவ டிப்ஸ்டிக்க உருவி ஆயில் அளவு பாத்துருங்க தம்பி.