28,000 பவுண்டும் வரியின்றிக் கைக்கு வருமா?

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வயது 38, மாத அடிப்படைச் சம்பளம் 4,000 பவுண்டு. ஆட்குறைப்பில் என் பதவி போகிறது, 2025 டிசம்பர் 31 கடைசி நாள் என்று சொல்லி, 28,000 பவுண்டு ‘நல்லெண்ணத் தொகை’ தருவதாக ஒரு தீர்வு ஒப்பந்தத்தைக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு மூன்று மாத நோட்டீஸ் உண்டு. ஆனால் அந்த மூன்று மாதம் வேலை செய்ய வேண்டாம், டிசம்பர் 31 அன்றே விலகலாம் என்கிறார்கள். 30,000 பவுண்டுக்குள் இருப்பதால் வரியே இல்லை என்று மனிதவளப் பிரிவு சொல்வது சரியா? ‘மன உளைச்சலுக்கான இழப்பீடு’ என்று எழுதி வாங்கிவிட்டால் வரிப் பிரச்சினையே வராது என்கிறார் ஒரு நண்பர். வேலைச் சட்டமும் வரிச் சட்டமும் பார்க்கும் ஜூனியர் பாரிஸ்டர் ஒருவரிடம் நேராகப் போகும்படியும் அவரே சொல்கிறார். ஜூனியர் என்றால் அனுபவம் குறைந்தவர்தானே? வழக்கை முதலில் எடுத்துக்கொள்ளும் சொலிசிட்டர் இல்லாமல், வாதாடும் வழக்கறிஞரான பாரிஸ்டரிடம் போக முடியுமா?

பதில்: மனிதவளப் பிரிவு சொன்னது சரியல்ல. இந்த இரண்டு சட்டங்களையும் சேர்த்தே நடத்தும் ஜூனியர் பாரிஸ்டர் என்ற முறையில், இதே வாக்கியத்தை ஒவ்வோர் ஆட்குறைப்புப் பருவத்திலும் கேட்கிறேன். அதை நம்பிக் கையெழுத்திட்டவர்கள் பின்னால் படும் சிரமத்தையும் பார்த்திருக்கிறேன். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வேலை முடிவதையொட்டித் தரப்படும் இழப்பீட்டில் முதல் 30,000 பவுண்டுக்கு வருமான வரி இல்லை என்ற விதி 2003ஆம் ஆண்டின் வருமான வரி (சம்பளம் மற்றும் ஓய்வூதியம்) சட்டத்தின் 403ஆம் பிரிவில் இன்றும் இருக்கிறது. ஆனால் அந்த விலக்குக்குள் எது நுழையலாம் என்பது 2018 ஏப்ரல் 6 அன்று மாறிவிட்டது. அதற்கு முன்பு, நோட்டீசுக்குப் பதிலாகச் சம்பளம் தரலாம் என்ற பிரிவு வேலை ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால், நோட்டீஸ் தராமல் அனுப்பியதற்காகக் கொடுத்த பணம் ஒப்பந்த மீறலுக்கான இழப்பீடாகக் கருதப்பட்டு, 30,000 பவுண்டு விலக்கில் சேர்ந்துவிடும். இப்போது அந்தப் பிரிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான்: நீங்கள் வேலை செய்யாமல் விட்ட நோட்டீஸ் காலத்துக்குரிய அடிப்படைச் சம்பளத்தை ஒரு சூத்திரப்படி கணக்கிட்டு, மொத்தத் தொகையிலிருந்து அந்த அளவைப் பிரித்தெடுத்து, சாதாரணச் சம்பளத்தைப் போலவே வருமான வரியும் தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பும் பிடித்தாக வேண்டும். ஒப்பந்தத்தில் அதற்கு ‘நல்லெண்ணத் தொகை’ என்று பெயர் வைத்திருந்தாலும் சூத்திரம் அந்தப் பெயரைப் பார்ப்பதில்லை. உங்களுக்குச் சொல்லப்பட்டது பழைய நடைமுறையின் மிச்சம்.

சூத்திரம் உங்கள் விஷயத்தில் எளிது. மாதச் சம்பளமும் முழு மாதங்களில் சொல்லப்பட்ட நோட்டீசும் இருப்பதால், 4,000 பவுண்டை மூன்றால் பெருக்கினால் போதும்: 12,000 பவுண்டு. இந்தத் தொகை சம்பளமாகவே கருதப்படும். மிச்சமுள்ள 16,000 பவுண்டுதான் விலக்குக்குள் வரும். ஏப்ரல் முதல் டிசம்பர் வரை நீங்கள் பெற்ற சம்பளம் 36,000 பவுண்டு. இந்த 12,000 சேர்ந்தாலும் 48,000தான். வேறு வருமானம் இல்லையென்றால், அடிப்படை விகிதத்தின் மேல் எல்லையான 50,270 பவுண்டைத் தாண்டவில்லை. எனவே 12,000 பவுண்டுக்கு 20 சதவீத வரியாக 2,400 பவுண்டு போகும். தேசியக் காப்பீடு அதற்கு மேல் தனி. வேலையை விட்டுப் போகும்போது நிறுவனம் தரும் பி45 வரிப் படிவத்தை வழங்கிய பிறகு பணம் வந்தால், தனிநபர் வரிவிலக்குத் தொகையைக் கணக்கில் எடுக்காத 0டி என்ற வரிக் குறியீட்டில் பிடிப்பார்கள். அப்போது அதிகமாகப் பிடிபட்டதை பிரிட்டனின் வரித் துறையான எச்.எம்.ஆர்.சி.யிடமிருந்து திரும்பப் பெறச் சில மாதங்கள் ஆகலாம். வீட்டு வாடகைக்கு அந்தப் பணத்தை நம்பியிருந்தால் இதை முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

வரியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. வேலைச் சட்டம் மட்டும் பார்ப்பவர் தொகையைப் பார்ப்பார், வரிச் சட்டம் மட்டும் பார்ப்பவர் தொகையின் தன்மையைப் பார்ப்பார். இரண்டையும் ஒரே மேசையில் வைத்தால்தான் இந்த 28,000 பவுண்டு உண்மையில் எதற்காகத் தரப்படுகிறது என்பது தெரியும். மூன்று மாத நோட்டீசுக்கான 12,000 பவுண்டு நிறுவனம் தரும் சலுகை அல்ல. வேலை ஒப்பந்தத்தில் நோட்டீசுக்குப் பதில் சம்பளம் என்ற பிரிவு இருந்தால் அது உங்களுக்குச் சேர வேண்டிய கடன். இல்லாவிட்டால் அது இழப்பீடு, அந்த மூன்று மாதத்துக்குள் உங்களுக்கு வேறு வேலை கிடைத்தால் குறையக்கூடியது. அடுத்தது சட்டப்படியான ஆட்குறைப்புத் தொகை. 22 வயதுக்கு மேல் 41 வயதுக்குள் செய்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் ஒரு வாரச் சம்பளம் என்பது கணக்கு. 2025 ஏப்ரல் 6 முதல் ஓராண்டுக்குள் நடக்கும் பணிநீக்கங்களுக்கு வாரச் சம்பளத்தின் உச்சவரம்பு 719 பவுண்டு. எட்டு ஆண்டுக்கு 5,752 பவுண்டு. இதுவும் நீங்கள் எதிலும் கையெழுத்திடாமலே பெற வேண்டியது. (வரி விஷயத்தில் இது 30,000 பவுண்டு விலக்குக்குள் சேரும்.) இரண்டையும் கழித்தால் மிஞ்சுவது 10,248 பவுண்டு. நியாயமற்ற பணிநீக்கம் உள்ளிட்ட உங்கள் உரிமைகளையெல்லாம் விட்டுக்கொடுப்பதற்கு நிறுவனம் உண்மையில் தரும் விலை அதுதான். அது போதுமா என்பது, உங்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், உங்களுடன் கலந்தாலோசித்தார்களா, மாற்று வேலை தேடிக்கொடுத்தார்களா என்பவற்றைப் பொறுத்தது. ஆனால் பேரத்தில் உட்காரும்போது மனதில் இருக்க வேண்டிய எண் 28,000 அல்ல, 10,248.

எனவே நிறுவனத்திடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 28,000 பவுண்டில் நோட்டீஸ் சம்பளமும் ஆட்குறைப்புத் தொகையும் அடங்கியிருக்கின்றனவா, அல்லது அவற்றுக்கு மேல் தரப்படுகிறதா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொகையை இனம் பிரித்து, ஒவ்வொன்றும் வரிக்கு முன்பா பின்பா என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எடுக்காத விடுமுறைக்கான பணமும் தனியாக இருக்க வேண்டும். அது எப்போதும் சம்பளமே.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், விசாரணை தொடங்கவிருந்த காலையில், வேலைத் தகராறுகளை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து ஒரு வழக்கைச் சமரசம் செய்தோம். ஒரு தாளில் என் கையாலேயே நிபந்தனைகளை எழுதினேன். தொகை இருந்தது, தேதி இருந்தது, ‘வரி பிடித்தம் போக’ என்றோ ‘வரிக்கு முன்’ என்றோ ஒரு சொல் இல்லை. எதிர்த்தரப்பு நோட்டீஸ் காலத்துக்குரிய வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தை அனுப்பியது. சட்டப்படி அவர்கள் செய்தது சரி. ஆனால் என் கட்சிக்காரர் முழுத் தொகையை எண்ணி ஒரு கடனை அடைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். விடுபட்ட சொல் என்னுடையது, நட்டம் அவருடையது. அன்றிலிருந்து அந்தச் சொல்லை எழுதாமல் நான் எந்தச் சமரசத் தாளையும் மூடியதில்லை.

நண்பர் சொன்ன ‘மன உளைச்சல்’ யோசனையை விட்டுவிடுங்கள். காயம் அல்லது உடற்குறைபாடு காரணமாகத் தரப்படும் தொகைக்கு அதே 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 406ஆம் பிரிவில் விலக்கு உண்டு, மருத்துவரால் நிறுவக்கூடிய மனநோயும் அதில் அடங்கும். ஆனால் புண்பட்ட உணர்வுகள் அதில் அடங்கா என்று 2018 திருத்தம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. வேலையில் இருந்த காலத்தில் நடந்த, பணிநீக்கத்தோடு தொடர்பில்லாத பாகுபாட்டுக்கான உணர்வு இழப்பீடு வேறு விஷயம். அது உண்மையாக நடந்திருந்து, சான்றும் இருந்தால் வரிக்கு வெளியே நிற்க முடியும். நடக்காத ஒன்றை வரிக்காக எழுதினால், ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் வரிப் பொறுப்புப் பிரிவு உங்கள்மேல் திரும்பும். எச்.எம்.ஆர்.சி. முதலில் நிறுவனத்திடம்தான் வரியைக் கேட்கும். நிறுவனம் அந்தப் பிரிவைக் காட்டி, வட்டியோடும் அபராதத்தோடும் உங்களிடம் கேட்கும். அந்தப் பிரிவில் நிறுவனம் தானே கட்ட வேண்டிய தேசியக் காப்பீட்டுப் பங்கைச் சேர்க்கக் கூடாது என்றும், நிறுவனத்தின் தாமதத்தால் வரும் அபராதம் உங்களைச் சேராது என்றும், கோரிக்கை வந்தவுடன் உங்களுக்குத் தெரிவித்து மறுப்புக் கூற வாய்ப்புத் தர வேண்டும் என்றும் திருத்தம் கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

பேரத்தில் தொகை 30,000 பவுண்டு விலக்கைத் தாண்டி உயர்ந்தால், தாண்டிய பகுதியை உங்கள் பதிவுபெற்ற ஓய்வூதியத் திட்டத்துக்கு நிறுவனமே நேரடியாகச் செலுத்தும்படி கேட்கலாம்.

இனி ஜூனியர் பற்றி. இங்கிலாந்து, வேல்ஸ் வழக்குமன்றங்களில் மன்னரின் ஆலோசகர் என்ற பட்டம் பெறாத ஒவ்வொரு பாரிஸ்டரும் ஜூனியரே. முப்பது ஆண்டு தொழில் செய்தவரும் ஜூனியராக இருப்பார். எங்களில் பெரும்பாலோர் சேம்பர்ஸ் என்ற கூட்டு அலுவலகத்தில் இடம் எடுத்துக்கொண்டு சுயதொழிலாகச் செய்பவர்கள். ஒரு வாரம் ஊழியருக்கும் அடுத்த வாரம் முதலாளிக்கும் வாதாடுவோம், அதனால் எதிர்த்தரப்பு எப்படிக் கணக்குப் போடும் என்பது தெரியும். பொது அணுகல் முறையில் சொலிசிட்டர் இல்லாமலே எங்களிடம் வரலாம். அதற்கான பயிற்சி பெற்றவரா என்று சேம்பர்ஸின் கிளார்க்கிடம் கேளுங்கள், கட்டணத்தையும் அவரிடமே முன்கூட்டிப் பேசி முடியுங்கள். ஆனால் பாரிஸ்டர் உங்கள் பணத்தைத் தம்மிடம் வைத்துக்கொள்ள முடியாது. தனி அனுமதி பெறாதவர் வழக்கை உங்கள் சார்பில் தாக்கல் செய்து நடத்தவும் முடியாது.

தீர்வு ஒப்பந்தம் செல்லுபடியாக, காப்பீடு உள்ள சுயாதீன ஆலோசகர் ஒருவர் உங்களுக்கு அதை விளக்கியிருக்க வேண்டும் என்பது 1996ஆம் ஆண்டின் வேலை உரிமைகள் சட்டத்தின் 203ஆம் பிரிவு. பாரிஸ்டரும் அந்த ஆலோசகராகலாம். இருந்தாலும் அந்தச் சான்றில் கையெழுத்திடுவாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஆலோசனைக் கட்டணத்தில் ஒரு பகுதியை நிறுவனம் தருவது வழக்கம். அது ஒப்பந்தப்படி வழக்கறிஞருக்கே நேராகச் செலுத்தப்பட்டால் உங்களுக்கு வரி வராது, உங்கள் கணக்குக்கு வந்தால் அந்த விலக்கு போய்விடும்.

அனுப்ப வேண்டியவை: வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று சம்பளச் சீட்டுகள், ஆட்குறைப்புக் கடிதம், தீர்வு ஒப்பந்த வரைவு, ஓய்வூதியத் திட்டத்தின் அறிக்கை, நடந்தவற்றைத் தேதி வரிசையில் எழுதிய ஒரே ஒரு பக்கம். வரைவைப் படித்துப் பார்க்கக் குறைந்தது பத்து நாள் தர வேண்டும் என்பது, வேலைத் தகராறுகளில் சமரசம் செய்யும் பொது அமைப்பான ஏகாஸின் நடைமுறைக் கோவை. ‘வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து’ என்று நெருக்கினால் அதைச் சுட்டிக்காட்டுங்கள். பேச்சு நீண்டாலும் தீர்ப்பாயக் கெடு உங்களுக்காகக் காத்திருக்காது. அதை நீட்டிப்பது பற்றிய செய்திகளைக் கேட்டிருந்தாலும், மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு என்றே கணக்கு வையுங்கள்: டிசம்பர் 31 கடைசி நாள் என்றால் 2026 மார்ச் 30. அதற்குள் ஏகாஸில் முன்சமரசத்துக்கு, அதாவது வழக்குக்கு முந்தைய சமரச முயற்சிக்கு, பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுக்குக் கட்டணம் இல்லை.